தறி வீட்டு வெளிச்சமும் ஐம்பது மி.மீ. லென்ஸும்

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு நெடுநாள் பழக்கமான ஒரு நெசவாளர் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் பி.காம். முடித்துவிட்டு, கல்யாணங்களில் படம் எடுக்கும் ஒருவரிடம் உதவியாளாகப் போய்க்கொண்டிருக்கிறான். சித்திரையில் செகண்ட் ஹாண்டில் ஒரு கேனான் கேமரா வாங்கினான். வழக்கமாகக் கூடவே கொடுக்கும் 18–55 லென்ஸ் அதில் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், எங்கம்மாவைத் தறியில எடுத்தா கலங்கலாவே வருது. போர்ட்ரெய்ட் லென்ஸ் ஒண்ணு வாங்கணும். எட்டாயிரத்துக்கு மேல முடியாது."

அவன் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவன் அம்மா முப்பத்தைந்து வருஷமாக ஒரே குழித்தறியில் நெய்தவர். இப்போது குழியில் இறங்கி ஏற முழங்கால் விடுவதில்லை. ஆடி கழிந்ததும் தறியைப் பிரித்து, குழியை மூடித் தரை போட்டுவிடுவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ளிவிட ஒரு கை வேண்டும். சின்ன வயசில் அந்தக் கை இவனுடையது. தறி போவதற்குள் அம்மா அதில் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் வேண்டும் என்பது அவன் ஆசை. அம்மா முகம் மட்டும் இருக்கிற படம் என்று பார்த்தால், ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. கல்யாணப் படத்தில் தலை குனிந்திருக்கிறார்.

"50 மி.மீ., எஃப் 1.8 வாங்கு, போதும்" என்றேன்.

"ஜூம் இல்லையே சார்? அதுவும் சாதா லென்ஸ்னு சொல்றாங்க. போர்ட்ரெய்ட்டுன்னா 85தானே?"

அவன் கேட்டது தப்பில்லை. ஒரு சாதா லென்ஸ் எப்படி முகத்துக்கான லென்ஸ் ஆனது என்பது 180 வருஷத்துக் கதை. அன்றைக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

1839-இல் பாரிஸில் டாகேர் தன் புகைப்பட முறையை வெளியிட்டபோது அதில் முகம் எடுப்பது பெரும் பாடாக இருந்தது. அந்தக் கேமராவின் லென்ஸுக்கு வாய் மிகச் சின்னது. இன்றைய கணக்கில் எஃப் 15 அளவில் இருக்கும். (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது, உள்ளே போகும் வெளிச்சமும் அதிகம். இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.) நல்ல வெயிலிலேயே நிமிஷக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். கட்டடம் உட்காரும், மனிதன் உட்காருவானா?

இதற்கு வழி கண்டவர் புகைப்படக்காரர் இல்லை, கணக்கு வாத்தியார். வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், 1840-இல் முகம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடித்தார். கால்குலேட்டர் இல்லாத காலம். பீரங்கிப் படையில் குண்டு விழும் தூரத்தைக் கணக்கிடத் தெரிந்த வீரர்கள் சிலரை அவருக்கு உதவியாக அனுப்பினார்கள். அவர்கள் கூட்டிப் பெருக்கிக் கொடுத்த கணக்கிலிருந்து எஃப் 3.6 அளவில் ஒரு லென்ஸ் வந்தது. பழையதைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் வெளிச்சம். நிமிஷக் கணக்கில் இருந்தது விநாடிக் கணக்குக்கு இறங்கியது.

அந்த லென்ஸில் ஒரு குறை உண்டு. நடுவில் மட்டும்தான் கூர்மை, ஓரங்கள் கலங்கிச் சுழலும். ஆனால் முகம் இருப்பது நடுவில்தானே! பின்னால் இருக்கிற சுவர் கலங்கினால் யாருக்கு நஷ்டம்? இன்றைக்குப் பிள்ளைகள் 'பின்னணி மங்கலா வரணும்' என்று ஆசைப்படுகிறார்களே, அந்த மங்கல் குறையாகப் பிறந்து பிறகு அழகானது. பெட்ஸ்வாலுக்குப் பெரிய பணம் சேரவில்லை. லென்ஸைச் செய்து விற்ற ஃபோக்ட்லெண்டரோடு சண்டை வந்து பிரிந்தார். 1859-இல் அவர் வீட்டில் திருடர்கள் புகுந்ததில் எழுதி வைத்திருந்த ஆராய்ச்சிக் குறிப்புகள் பாழாயின. லென்ஸ் மட்டும் உலகம் சுற்றியது. ஸ்டூடியோக்களில் வழக்கொழிந்த பிறகும் அதே வகை லென்ஸ் சினிமா புரொஜக்டர்களில் வெகுகாலம் இருந்தது.

நம் பக்கம் புகைப்படம் வந்த கதையும் கல்லில்தான் தொடங்குகிறது. சென்னையில் கலைப்பள்ளியை 1850-இல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் முதலானவர்கள் முனைந்து 1856-இல் புகைப்படச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதே வருஷம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று போய், மெழுகு பூசிய காகிதத்தையே நெகட்டிவாக வைத்துப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து ஒட்டி ஒரு நீளப் படமே செய்திருக்கிறார். மதுரைப் படங்களைப் பார்த்தால் ஊரே காலியாகக் கிடப்பது போல் இருக்கும். மதுரை என்றைக்குக் காலியாக இருந்தது? நடமாடுகிறவர்கள் அந்த நெடிய நேரத்தில் காகிதத்தில் பதியவில்லை, அவ்வளவுதான். நின்றது தூண் மட்டுமே. சில வருஷத்தில் கவர்னர் டிரெவெல்யன், இது செலவு பிடித்த வேலை என்று நிறுத்திவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகள் வெளியிட்டார். 700 துண்டுகள். இங்கிலாந்து ஆலைக்காரர்கள் பார்த்து அதுபோல் நெய்து இங்கேயே கொண்டுவந்து விற்கட்டும் என்பதற்காக. அதே வாட்சன் இன்னொருவரோடு சேர்ந்து 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிப் படப் புத்தகமும் கொண்டுவந்தார். அதில் முகங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆளுக்குப் பேர் கிடையாது, இன்ன சாதி, இன்ன கூட்டம் என்ற குறிப்புதான். நெய்த துணி ஒரு புத்தகத்தில், பேர் இல்லாத முகங்கள் இன்னொன்றில். இன்னார் நெய்த சேலை என்று சேர்த்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. (பட்டுச் சேலைக்கடை விளம்பரத்தில் இன்றைக்கும் கட்டுகிறவள் முகம்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

காசு உள்ளவர்களுக்கு ஸ்டூடியோ வந்தது. சென்னையில் நிக்கலஸ், வீலே அண்ட் கிளைன் என்று பேர்பெற்ற ஸ்டூடியோக்கள் இருந்தன. கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம், பின்னால் வரைந்த திரை, தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி. நம் வீடுகளில் தொங்கும் கொள்ளுத்தாத்தா படங்களில் எல்லோரும் முறைத்துப் பார்ப்பது கோபத்தால் அல்ல. விநாடிக் கணக்கில் சிரித்துக்கொண்டே இருந்து பாருங்கள், தெரியும்.

எங்கள் தலைமுறைக்குக் கையில் கிடைத்த கேமரா அக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்கு 12 படம். லென்ஸைக் கழற்ற முடியாது, ஃபோகஸ் செய்யவும் முடியாது. வாய் எஃப் 8.8. வெயிலில் நிறுத்தி எடுக்க வேண்டும், பத்தடிக்குக் கிட்டே வந்தால் முகம் கலங்கிவிடும். கிட்டே எடுக்க முன்னால் மாட்டும் துணைக் கண்ணாடி ஒன்று உண்டு, அதை வைத்திருந்தவர்கள் குறைவு. 60, 70-களின் குடும்ப ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். வாசலில், மொட்டை மாடியில், கோயில் மதிலோரம், எல்லோரும் வரிசையாக, கால் முதல் தலைவரை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். முகம் மிளகு அளவுதான் இருக்கும். அது ரசனையின் குறை இல்லை, லென்ஸ் போட்ட எல்லை. என் தாயார் முகத்தை அப்படி ஒரு படத்திலிருந்து பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக இருக்கிறதே தவிர அவர் தெரியவில்லை. பையன் வந்து கேட்டபோது நான் உடனே எழுந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அந்த ஐம்பதுக்கு வருகிறேன். 1896-இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப், 'பிளானார்' என்ற லென்ஸை வடிவமைத்தார். நடுவில் ஒரு துவாரம், இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல மும்மூன்று சில்லுகள், ஆக ஆறு. ஒரு பக்கத்துச் சில்லுகள் செய்யும் பிழைகள் பலவற்றை மறுபக்கத்துச் சில்லுகள் சரிக்கட்டிவிடும். அருமையான யோசனை, ஆனால் ஏறத்தாழ நாற்பது வருஷம் முழுப்பயன் தரவில்லை. காரணம், காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் அதில் எட்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி ஓடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஓடியது சும்மாவும் இருக்காது, உள்ளேயே சுற்றிப் படத்தை வெளுக்க வைக்கும். 1935-இல் அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, சில்லுகளின்மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் படியவைத்து இந்தப் பிரதிபலிப்பைக் குறைத்தார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் நீலமுமாக மினுங்குகிறதே, அதன் வழிவந்ததுதான். போருக்குப் பிறகு அந்தப் பூச்சு எங்கும் பரவ, பழைய பிளானார் கணக்குக்கு மறுவாழ்வு கிடைத்தது.

இதற்கு நடுவில் 1925-இல் லைக்கா கேமரா வந்து சினிமா ஃபிலிமை ஸ்டில் படத்துக்குக் கொண்டுவந்தது. 24-க்கு 36 மி.மீ. படம், அதற்கு 50 மி.மீ. லென்ஸ் என்பது வழக்கமாகிவிட்டது. பின்னால் வந்த எஸ்.எல்.ஆர். கேமராக்களும் 50-ஐ ஒட்டிய லென்ஸோடுதான் கடையில் விற்றன. இன்று 18–55 எப்படியோ அன்று 50 அப்படி. லட்சக்கணக்கில் செய்து செய்து அதன் விலை இறங்கிப்போனது. விசேஷக் கண்ணாடி வேண்டாம், கடைசல் சிக்கல் இல்லை, ஆறே சில்லு.

முகத்துக்கு என்று ஃபிலிம் கேமராக்காரர்கள் வைத்திருந்தது பையன் சொன்ன 85தான். அதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1950-இல் 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் இருந்தார். மிக்கி ஜுன் என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் மங்கலான வெளிச்சத்தில் அவரைப் படம் எடுத்தார். லென்ஸ் நிக்கான் கம்பெனியின் 85 மி.மீ., எஃப் 2. ஜப்பான் சரக்கு என்றால் மட்டம் என்று உலகம் நினைத்த காலம். டங்கனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிண்ட்டைப் பார்த்ததும் அசந்துபோய், லென்ஸ் செய்கிற தொழிற்சாலைக்கே போய்விட்டார். அந்த வருஷம் ஜூனில் கொரியப் போர் தொடங்க, அவர் அங்கிருந்து அனுப்பிய படங்கள் அந்த லென்ஸ்களுக்கு உலகத்தில் பேர் வாங்கிக் கொடுத்தன. விலை அதிகமான ஜெர்மன் லென்ஸ்தான் முகத்தை எடுக்கும் என்ற நம்பிக்கையை ஒரு முகப்படமே ஆட்டிவிட்டது.

85-க்கு மந்திரம் ஒன்றும் கிடையாது. அதை மாட்டினால் முகம் சட்டத்தை நிரப்ப நாம் ஐந்தாறு அடி தள்ளி நின்றாக வேண்டும், விஷயம் அந்தத் தூரத்தில் இருக்கிறது. இரண்டடிக்குள் போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கும். எட்ட நின்றால் முகம் முகமாக இருக்கும். எந்த லென்ஸானாலும் முகத்தின் வாகை முடிவு செய்வது நாம் நிற்கிற இடம்.

டிஜிட்டல் வந்தபோது ஒரு விபத்து நடந்தது. பெரிய சென்சார் செய்யச் செலவு அதிகம் என்பதால் சின்ன சென்சார் வைத்தார்கள். 2003-இல் வந்த கேனான் 300டி போன்ற, சாமானியர் வாங்கக்கூடிய கேமராக்கள் எல்லாம் அப்படித்தான். சின்ன சென்சார் படத்தின் ஓரத்தை வெட்டி நடுவை மட்டும் எடுத்துக்கொள்ளும். கேனானில் 1.6 மடங்கு, நிக்கானில் 1.5 மடங்கு. 50-ஐ மாட்டினால் 80 போல, 75 போலப் பார்க்கும். ஆக, யாரும் திட்டமிடாமலே உலகத்திலேயே மலிவான லென்ஸ் முகத்துக்கான லென்ஸ் ஆகிவிட்டது. பிளானார் வழியில் வந்த ஆறு சில்லுகளோடு, பிளாஸ்டிக் உடம்பில் கேனான் 1990-இல் விட்ட எஃப் 1.8 இருபத்தைந்து வருஷம் விற்றது. 2015-இல் அதற்குப் பதிலாக 'எஸ்.டி.எம்.' வந்தது. மாட்டும் வளையம் உலோகம், 35 செ.மீ. வரை கிட்டே போகலாம். நிக்கான் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 'டி' வகை 50 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். 'ஏ.எஃப்.எஸ்.' என்று போட்டதை வாங்குங்கள்.

மறுநாள் காலையில் பையனோடு அவன் வீட்டுக்குப் போனேன். குழித்தறி வீடுகளில் வெளிச்சம் வாசல் வழியாகவும் ஒரு சின்ன ஜன்னல் வழியாகவும்தான் வரும். அவனுடைய 18–55 அந்த 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. 800-இல் விநாடியில் பத்தில் ஒரு பங்கு காட்டியது. நாடா ஓடும்போது கையும் தோளும் ஆடாமல் இருக்குமா? 1.8-க்குத் திறந்தால் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம், விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகிவிடும். பக்கச் சுவருக்கும் அம்மா உட்காரும் இடத்துக்கும் நடுவே அளந்தோம். நாலரை அடி இருந்தது. 50-ஐ வைத்தால் தலையிலிருந்து இடுப்புவரை வரும். 85 வாங்கியிருந்தால் ஏழரை அடிக்கு மேல் தள்ளிப் போக வேண்டும், அதாவது சுவரை இடிக்க வேண்டும்.

செல்போனில் எடுத்தால் என்ன என்று அவன் மாமா கேட்டார். எடுத்தும் காட்டினார். போன் செய்கிற மங்கல் கணக்கு, எது அம்மா, எது தறி என்று தெரியாமல் பாவு இழைகளில் பாதியை அழித்துவிட்டது.

புதிது அவன் கைக்கு எட்டவில்லை. பழையது தேடினோம். முதலில் பார்த்த லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்தி வலை போலப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு, அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸ்தான் சீக்கிரம் கெடும். அடுத்தது சுத்தமாக இருந்தது. 5,500 ரூபாய்.

முதல் நாள் ஆசை ஆசையாக 1.8-லேயே எடுத்தான். நாலரை அடி தூரத்தில் கூர்மையாக விழுவது மொத்தம் ஐந்து செ.மீ. ஆழம்தான். மூக்குத்தி மின்னியது, கண் கலங்கியது. மறுநாள் 2.8-க்கு மூடி, ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து, கண்ணில் ஃபோகஸ் வைக்கச் சொன்னேன். ட்யூப் லைட்டை அணைத்து வாசற்கதவை முழுக்கத் திறந்தோம். விநாடியில் எண்பதில் ஒரு பங்கு. வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து, நெற்றி வியர்வை தெரிய, உதட்டைக் கடித்துக்கொண்டு இழையைப் பார்க்கிற முகம். பையன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அம்மாவிடம் காட்டினான். அவர் கேமராவை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"மூஞ்சி இருக்கட்டும்டா. கரை ஏன் மங்கிப்போயிருக்கு? ஜரிகையே தெரியலையே. என்ன சேலைன்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு இந்த லென்ஸால் பதில் சொல்ல முடியாது. பழைய 18–55-ஐத் திரும்ப மாட்டினோம். கேமராவை ஒரு முக்காலியில் வைத்து, வாசற்படி ஓரத்திலிருந்து தறி முழுக்க வரும்படி, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200, ஏறத்தாழ ஒரு விநாடி. "அம்மா, மூச்சுகூட விடாத" என்றான். நாடாவைக் கையில் பிடித்தபடி கேமராவை நேராகப் பார்த்து, சிரிக்காமல், எங்கள் கொள்ளுத்தாத்தா மாதிரி உட்கார்ந்தார். மயில்கழுத்துப் பச்சை, அரக்குக் கரை, கோர்வை கோடு போட்டது போலத் தெரிந்தது.

ஆவணியில் தறி போய்விட்டது. குழி இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ். அதற்கு நேர்மேலே சுவரில் மாட்டியிருப்பது இந்த இரண்டாவது படம். முதல் படத்தைப் பையன் தன் மேஜை டிராயரில் வைத்திருக்கிறான்.